பெரிய சுவரில் வரைவதா, கேன்வாஸில் வரைவதா: சரி என்று சொல்வதற்கு முன்

கேன்வாஸில் சில வருடங்கள் வரைந்து கை தேறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த அழைப்பு எப்படியும் வந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் கஃபே திறப்பார், பக்கத்துப் பள்ளியின் காம்பவுண்டு சுவர் புதிதாக வெள்ளையடித்து வெறுமனே நிற்கும், அல்லது சொந்தக்காரர் ஒருவர் புதுவீட்டு ஹாலில் 12 அடிக்கு 10 அடி சுவரைக் காட்டி, "இதில் நல்லதாக ஏதாவது வரைந்து கொடுங்களேன்" என்பார். பெரும்பாலானவர்கள் இதை அளவை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரிய படம் என்றால் சுவர், சின்னது என்றால் கேன்வாஸ். என்னைக் கேட்டால் அளவெல்லாம் மூன்றாவதோ நான்காவதோ பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. இரண்டாவது, அது யாருடைய சுவர், இன்னும் பத்து வருடம் அவர் கையிலேயே இருக்குமா என்பதை. இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் நேரடியாகச் சுவரில் வரைய வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிடைத்துவிட்டால் தயங்காமல் வரையுங்கள், ஏனென்றால் சுவர் தரும் சில விஷயங்களை எவ்வளவு பெரிய கேன்வாஸாலும் தர முடியாது.

சுவரின் நிலையில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கேன்வாஸ்காரர்களுக்கு இது பழக்கமே இல்லாத பாடம். கேன்வாஸைக் கடையில் வாங்கும்போதே ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசி, இழுத்துக் கட்டி, வரையத் தயாராக வருகிறது. சுவர் அப்படி வராது. அதற்குள் செங்கல் இருக்கிறது, சிமெண்டு இருக்கிறது, மணலில் உப்பு இருக்கிறது, எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. புதுப் பூச்சு என்றால் தண்ணீர் காட்டிக் காயவிட்டு குறைந்தது 28 நாளாவது போக வேண்டும், மழைக்காலம் என்றால் அதற்கு மேலும். காயாத சிமெண்டின் காரத்தன்மை சில நிறமிகளைக் கெடுத்துவிடும். பிரஷியன் ப்ளூ என்னும் அந்த அழகான கருநீலம் காரம் பட்டால் பழுப்பாக மாறிவிடும். கேன்வாஸில் வருடக்கணக்காக நம்பி வந்த நிறம் சுவரில் காலை வாருவது இப்படித்தான். காரத்தைத் தாங்கும் பிரைமரை முதலில் ஒரு கோட் கொடுப்பது இதற்காகத்தான், அதை "வெள்ளையாகத்தானே இருக்கிறது சுவர்" என்று தாண்டிப் போகக் கூடாது.

பழைய சுவர் என்றால் பிரச்சினை வேறு. ஓதம். சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரம் வரை, கிட்டப் போய் உட்கார்ந்து பாருங்கள். பெயிண்ட் அங்கங்கே கடுகு அளவுக்குப் புடைத்திருக்கும். ஒரு புடைப்பை நகத்தால் அழுத்தினால் மெல்லிய தோல் உடைந்து உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டும். உப்பு பூத்திருக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பு தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது, தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு படிகமாகி பெயிண்டுக்கு அடியில் வளர்ந்து அதை வெளியே தள்ளுகிறது. மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், அதற்கு மேல் வார்னிஷ் அடித்தாலும் இது நிற்காது. சொல்லப்போனால் காற்றுப் புகாத வார்னிஷ் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சீக்கிரமே பொரிந்து உரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இரண்டடி சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒருநாள் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அப்புறம் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் செத்துப்போய்க் கேட்கும், பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கொத்தனாரை வைத்துக் கொத்திப் பூசிய பிறகுதான் மற்றதெல்லாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். குளியலறை இருந்தால், மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த மூலையில் இருந்தால், அங்கே நேரடியாக வரையாதீர்கள். நம் ஊரில் முடிந்தால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுவர் தாங்கிய பிறகு அதைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும்.

சின்ன ஓதம்தான், வரைந்தே ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தால் நான் சொல்லும் யோசனை இது: படத்தின் முக்கியமான எதையும், முகம், கை, எழுத்து எதையும், கீழ் இரண்டடிக்குள் வைக்காதீர்கள். அந்தப் பட்டையை ஒரே நிறமாக, புல்லோ தண்ணீரோ மண்ணோ, வைத்துவிட்டால் இரண்டு மழைக்கு ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து யார் வேண்டுமானாலும் அதே நிறத்தைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். அந்த நிறத்தின் கலவை எண்ணை எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

சுவரைக் கவனிக்காமல் போனால் எவ்வளவு பெரிய கைக்கும் இதே கதிதான். லியனார்டோ டாவின்சி மிலான் நகர மடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1495 முதல் 1498 வரை கடைசி இராவுணவை வரைந்தார். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் வேகமாக முடிக்க வேண்டும், நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய முடியாது. அவருக்கோ நிதானம்தான் வேண்டும். எனவே காய்ந்த சுவரிலேயே, பலகையில் வரைவது போல வரைந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிரத் தொடங்கிவிட்டது. கடைசியாக நடந்த சீரமைப்புக்கு மட்டும் 1978 முதல் 1999 வரை ஆனது. அதே ஓவியத்தைக் கேன்வாஸிலோ பலகையிலோ வரைந்திருந்தால் அவர் பாணிக்கு அது பொருந்தியிருக்கும். சுவருக்கு அவர் பாணி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கம் தஞ்சாவூர். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சில் ஆயிரம் வருடமாக இருக்கின்றன. ஈரச் சுண்ணாம்பில் நிறமியை வைத்தால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது நிறமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, தனியாக உரிவதற்கு அங்கே ஒரு தோலே இல்லை. அதற்கு மேல் நாயக்கர் காலத்தில் இன்னொரு அடுக்கு வரைந்துவிட்டதால் கீழே இருந்தது யாருக்கும் தெரியாமலே இருந்து, 1931இல்தான் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். பிறகு தொல்லியல் துறை சில இடங்களில் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து ஃபைபர் பலகைகளில் பொருத்தி வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது, சோழர் ஓவியமே இன்னொருவர் அதன் மேல் வரைந்துவிடுவதிலிருந்து தப்பவில்லை என்பது. சுவரில் வரையும் எல்லாருக்கும் இது நடக்கலாம். கேன்வாஸில் வரைந்தவருக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை.

சரி, சுவர் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி உங்கள் கைக்கு எது வரும் என்பது. கேன்வாஸில் மணிக்கட்டும் முழங்கையும் வரைகின்றன. 15 அடிச் சுவரில் தோளும் இடுப்பும் வரைகின்றன, காலும் சேர்ந்து நடந்துகொண்டே வரைகிறது. ஒரு கண்ணிமை மட்டும் மூன்றடி நீளம் வரும்போது, சாரத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கு அது கண்ணிமை என்றே தெரியாது. பழுப்பு நிறத்தில் ஒரு வளைவு, பக்கத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு, அவ்வளவுதான் முகத்துக்கு முன்னால் தெரியும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இறங்க வேண்டும், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். ஒரு நாளில் இது எத்தனையோ முறை நடக்கும். கேன்வாஸில் இரண்டடி பின்னால் நகர்ந்தால் முடிகிற வேலை இது. கால் வலி, கழுத்து வலி, உயரம் பார்த்தால் தலைசுற்றுவது இதெல்லாம் இருப்பவர்கள் ஆசைக்காக மட்டும் பெரிய சுவரை ஒப்புக்கொள்ளாதீர்கள். சவுக்குக் கம்பு சாரத்தில் ஏறுபவர்கள் கயிறு கட்டிக்கொள்ளாமல் ஏறவே கூடாது, "பத்தடிதானே" என்று யார் சொன்னாலும்.

படத்தைச் சுவருக்கு மாற்றப் பல வழிகள் இருக்கின்றன. கட்டம் போடுவதுதான் ஆதி வழி. சின்னப் படத்தில் ஒரு அங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம், தூக்குக்குண்டு விட்டு நூல் அடித்து நேர்பார்த்து வரைவது. அண்ணா சாலையில் பிரம்மாண்டமாக நின்ற சினிமா பேனர்களையும் கட்அவுட்களையும் வரைந்தவர்கள் ஒரு புகைப்படத்தில் கட்டம் கிழித்து, துணியிலும் பலகையிலும் பகுதி பகுதியாக இதே வழியில்தான் பெரிதாக்கினார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது, ஆனால் அளவு பற்றிய அறிவில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தலைமுறையில் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் ஒருநாள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது. புரொஜெக்டர் இன்னொரு வழி, ஆனால் இருட்டு வேண்டும், எதிரே போதுமான இடம் வேண்டும், சாலையோரத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. இப்போது பலரும் செய்வது, சுவர் முழுக்க ஏதேதோ எழுத்துகளையும் கிறுக்கல்களையும் போட்டு, அதைப் போட்டோ எடுத்து, போனில் அதன் மேல் படத்தை மங்கலாக வைத்து, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் எந்தக் கோடு வருகிறது என்று பார்த்து வரைவது. மேடு பள்ளமான சுவருக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி.

பாணியிலும் பெரிய வித்தியாசம் வரும், இதைப் பலர் கடைசியில்தான் உணர்கிறார்கள். வெயில் பட்டு சூடாக இருக்கும் சுவரில் எமல்ஷன் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். இரண்டு நிறத்தை ஈரத்தோடு ஈரமாக இழைத்து மென்மையாகக் கலப்பது, எண்ணெய் வண்ணத்தில் நாள்கணக்கில் செய்கிற அந்த வேலை, அங்கே நடக்காது. எனவே சுவர் ஓவியம் தட்டையான பெரிய பெரிய நிறப்பகுதிகள், தெளிவான ஓரங்கள், மூன்று நான்கு அழுத்தங்களில் நிழல் என்று தானாகவே ஒரு பாணிக்கு இழுத்துப்போகும். அந்தப் பாணி உங்களுக்குப் பிடித்திருந்தால் சுவர் உங்களுக்குக் கொண்டாட்டம். தோலின் மேல் விழும் மெல்லிய ஒளியை வாரக்கணக்கில் மெருகேற்றுவதுதான் உங்கள் சந்தோஷம் என்றால் கேன்வாஸை விட்டு வராதீர்கள், வந்தால் இரண்டு பக்கமும் திருப்தி இருக்காது. ஸ்ப்ரே வைத்து மென்மையான நிழல் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அது தனியாகக் கற்க வேண்டிய ஒரு கை, முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

நிறம் மங்குவதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. வீட்டுக்குள் வெயில் படாமல் மாட்டிய கேன்வாஸில் எந்த நல்ல ட்யூப் வண்ணமும் நம் காலம் முழுக்க நிற்கும். மேற்கு பார்த்த வெளிச்சுவரில் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் சில மஞ்சள்களும்தான் முதலில் வெளுக்கும், ஒளிரும் நிறங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். காவி, செம்மண் சிவப்பு, உம்பர் என்னும் மண்பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் சாதாரணமாக வெளுக்காது. கடைப் பெயர்களில் பாதி அலங்காரம், ட்யூபிலும் டப்பாவிலும் நிறமியின் குறியீடு போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் 1932இல் வரைந்த பெரிய சுவரோவியம் அரசியல் காரணமாக வெள்ளையடிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்து மீட்கப்பட்டு 2012இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. உருவங்கள் தெரிகின்றன, நிறம் கிட்டத்தட்டப் போய்விட்டது. அதை அப்படியே பாதுகாத்தார்கள், மேலே திரும்ப வண்ணம் பூசவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேன்வாஸுக்கும் தொல்லைகள் உண்டு, ஆனால் அவை நம் கைக்குள் அடங்குகிற தொல்லைகள். கடலோர ஈரப்பதத்தில் துணி தொய்யும், சட்டத்தின் மூலையிலிருக்கும் மர ஆப்புகளை லேசாகத் தட்டினால் இறுகும். மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டால் பெரும்பாலும் வராது. மிகப் பெரிதாக வரைந்தால் லிஃப்டில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்தில் சிக்கும். வரைவதற்கு முன்பே வழியை அளந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சட்டத்திலிருந்து கழற்றி வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றி எடுத்துப்போய் அங்கே திரும்பக் கட்ட வேண்டும். எண்ணெய் வண்ணம் என்றால் நன்றாகக் காய மாதக்கணக்கில் ஆகும், அதற்கு முன் சுற்றவும் கூடாது, வார்னிஷும் கூடாது. இவ்வளவுதான்.

இப்போது நான் இரண்டாவதாகச் சொன்ன கேள்வி. சுவர் யாருடையது? கேன்வாஸை விற்றாலும் அது ஒரு தனிப் பொருளாக இருக்கிறது, வாங்கியவருக்கு அலுத்துவிட்டால் இன்னொருவருக்குக் கொடுப்பார், விற்பார், பரணில் போடுவார், அழிக்க மாட்டார். சுவரில் வரைந்தது கட்டடத்தின் ஒரு பாகமாகிவிடுகிறது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மனம் மாறினால், கடை கைமாறினால், வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் படமும் போய்விடும்.

இதற்கு மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் கதையைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் 1933இல் அவர் வரைந்துகொண்டிருந்த சுவரோவியத்தில் லெனினின் முகம் வந்தது. எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார், கூலியை முழுதாகக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு ஓவியத்தைத் திரையிட்டு மூடினார்கள், 1934 பிப்ரவரியில் சுவரிலிருந்தே கொத்தி எடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்தாகிவிட்டது, சுவர் எங்களுடையது, அவ்வளவுதான் வாதம். அதே வருடம் மெக்சிகோ நகரத்தில் புகைப்படங்களை வைத்துக்கொண்டு அதை மறுபடி வரைந்தார், அதனால்தான் அது எப்படி இருந்தது என்றாவது நமக்குத் தெரிகிறது. அதே 1934க்குச் சில வருடம் கழித்து, 1940இல், சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக அவர் வரைந்த பிரம்மாண்டமான ஓவியம் இரும்புச் சட்டமிட்ட பத்துப் பலகைகளில் ஈரச் சுண்ணாம்பு பூசி வரையப்பட்டது. 74 அடி நீளம், ஆனால் இடம் மாற்றக்கூடியது. கண்காட்சி முடிந்த பிறகும் அது பிழைத்தது, 2021இல் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட எடுத்துப் போய் வைத்தார்கள்.

இந்தியாவில் சட்டம் ஓவியருக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும் அதைச் சிதைப்பதையும் உருக்குலைப்பதையும் எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்து கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. முக்கியமான தீர்ப்பு, ஆனால் பெயர்த்தெடுத்ததற்கும் தீர்ப்புக்கும் நடுவே 26 வருடம். நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற கட்டடத்தின் சுவரோவியங்களை உரிமையாளர் 2013இல் ஒரே இரவில் வெள்ளையடித்தபோது அங்கே இருக்கும் தனிச்சட்டத்தின் கீழ் ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொல்லி 2018இல் தீர்ப்பு வந்தது. பணம் வந்தது, ஓவியம் வரவில்லை.

அதனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வக்கீல் ஒப்பந்தமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கத்தில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு: எவ்வளவு காலம் இந்த ஓவியத்தை வைத்திருப்பார்கள், அழிப்பதற்கு எவ்வளவு நாள் முன்னால் உங்களுக்குச் சொல்வார்கள், உரிந்தால் திருத்தும் செலவு யாருடையது, உங்கள் பெயர் எங்கே இருக்கும், புகைப்படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா. தெருப் பக்கச் சுவர் என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் தூரிகையைத் தொடக் கூடாது. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லிருந்தே சட்டம் இருக்கிறது, அது சுவரொட்டிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தேர்தல் வந்தால் சுவர் பிடிக்கும் கட்சிக்காரர்களிடமும் பேசிவையுங்கள். நல்ல ஓவியம் இருந்தால் பெரும்பாலும் தொட மாட்டார்கள், ஆனாலும் முன்கூட்டிப் பேசுவது நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் சுவரில் வரையச் சொல்கிறேன் என்று கேட்கலாம். பார்ப்பவர்களுக்காகத்தான். கேன்வாஸ் ஒரு கண்காட்சியில் தொங்கினால் படம் பார்க்கவென்றே வருபவர்கள் பார்ப்பார்கள். சுவரோவியத்தைப் படம் பார்க்க வராதவர்கள் பார்க்கிறார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில், நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் அடுக்குமாடிகளில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஓவியர்களை அழைத்து வந்து பல மாடி உயரச் சுவர்களில் வரைய வைத்தது. இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிப்புறத்தில் ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த முகங்களை ரயிலில் போகிறவர்களும் கீழே சிக்னலில் நிற்கிறவர்களும் தினமும் பார்க்கிறார்கள். அதில் இருப்பவை சாதாரண மனிதர்களின் முகங்கள், ஒரு கட்டடம் முழுக்க. இதைக் கேன்வாஸில் வரைந்து எங்கே மாட்ட முடியும்? வரைந்துகொண்டிருக்கும்போதே டீக்கடைக்காரர் வந்து மூக்கு கொஞ்சம் கோணல் என்பார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இன்றைக்கு எந்த நிறம் என்று கேட்பார்கள், ஒரு பாட்டி தினமும் அதே இடத்தில் நின்று எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போவார். தனியறையில் வருடக்கணக்கில் வரைந்தவர்களுக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும், பிறகு இது இல்லாமல் வரையவே பிடிக்காது. கேன்வாஸில் எனக்கு இதற்கு ஈடாக எதுவும் கிடைத்ததில்லை.

பணக் கணக்கு சுருக்கமாக. சுவருக்குச் சதுர அடிக் கணக்கு, கேன்வாஸுக்குப் படக் கணக்கு. சுவரின் சதுர அடி விலையைக் கேன்வாஸின் விலையோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள், சுவர் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். பெயிண்ட் செலவு பெரிதல்ல, ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 50, 60 சதுர அடி வரும், 12க்கு 10 சுவரின் அடிநிறத்துக்கு இரண்டரை லிட்டருக்குள் முடிந்துவிடும். செலவெல்லாம் சாரம், உதவியாள், போக்குவரத்து, சுவரைத் தயார் செய்வது, மழை பெய்து வேலை நின்ற நாள்கள் இவற்றில்தான். இவற்றை விலைக்குள் அடக்காமல் தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். பட்டி பார்ப்பதும் பிரைமர் அடிப்பதும் உங்கள் வேலையா வீட்டுக்காரர் வேலையா என்பதை முதல்நாளே பேசிவிட வேண்டும். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை வெளிச்சுவரில் வைத்துவிட்டால் முதல் மழைக்கே மெதுமெதுவென்று ஊறிவிடும், அதன் மேல் வரைந்தவர் பெயர்தான் கெடும். கேன்வாஸில் வருமானம் மெதுவாக வரும், விற்காமலும் கிடக்கும், ஆனால் விற்காத கேன்வாஸ் உங்களிடமே இருக்கிறது. பெரிய சுவரை இலவசமாகக் கேட்பவர்கள் "உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்" என்பார்கள். பள்ளி, அங்கன்வாடி, ஆசிரமம் என்றால் நானே செய்யச் சொல்வேன். லாபத்துக்கு நடக்கும் கடைக்கு வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நம் ஆட்கள் இதை இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. பிக்காசோவின் குவெர்னிகா சுவரோவியம் அளவுக்குப் பெரியது, கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் நீளம், ஆனால் வரைந்தது கேன்வாஸில். 1937இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்ததைச் சுற்றி எடுத்து நாடு நாடாகக் கொண்டுபோனார்கள், பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் இருந்துவிட்டு 1981இல் ஸ்பெயினுக்கு வந்தது. சுவரில் வரைந்திருந்தால் கண்காட்சி அரங்கை இடித்தபோதே போயிருக்கும். ஐரோப்பாவில் இன்னொரு பழக்கம், ஸ்டுடியோவில் கேன்வாஸில் வரைந்து முடித்துவிட்டு அதைப் பசை போட்டுச் சுவரோடு ஒட்டிவிடுவது. நல்ல வழிதான், சாரத்தில் நிற்கும் நாள்கள் குறையும், ஆனால் ஓதமுள்ள சுவரில் ஒட்டினால் துணியும் சேர்ந்து அழுகும், எனவே நம் ஊர் வெளிச்சுவருக்கு வேண்டாம்.

வாடகை வீட்டுக்கு நான் கேன்வாஸைத்தான் சொல்வேன், இதில் இரண்டாவது யோசனையே இல்லை. சொந்த வீட்டில், அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் இல்லாத, மழை படாத உள்சுவர் என்றால் தாராளமாகச் சுவரிலேயே வரையுங்கள். குழந்தைகள் அறைக்கும் அதுதான் அழகு, வளர்ந்த பிறகு அவர்களே வேறு வரைந்துகொள்ளட்டும். பள்ளி, ரயில் நிலையம், நூலகம், தெரு என்றால் சுவர், எழுத்தில் ஒப்புதலோடு. கஃபே, கடை, அலுவலகம் என்றால் குத்தகை எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள், மூன்று வருடத்துக்குக் கீழ் என்றால் சுவர் வேண்டாம்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஹால் சுவர், 12க்கு 10, பின்னால் குளியலறை, வெளிப்பக்கம் மழை அடிக்கும் என்று வைத்துக்கொண்டால் நான் செய்யச் சொல்வது: 8க்கு 4 அளவில் மூன்று பலகைகள், ஈரத்தில் ஊதாத சிமெண்டு ஃபைபர் பலகையாக இருந்தால் நல்லது, அவற்றின் மேல் கேன்வாஸ் துணியை ஒட்டி, ஜெஸ்ஸோ அடித்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக வரையுங்கள். நிறுத்தி வைத்தால் 12 அடி அகலம், 8 அடி உயரம், சுவர் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். முகம், கண் எதுவும் இரண்டு பலகைகளின் இணைப்பில் வராதபடி ஆரம்பத்திலேயே கோடு பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் ரீப்பர் கட்டை அடித்து, பின்னால் ஓரங்குலம் காற்றோட்டம் விட்டு, ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். எடை அதிகம், அதனால் மாட்டும்போது தச்சரும் கூட இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு பலகையை மட்டும் கழற்றிப் பின்பக்கத்தையும் சுவரையும் பார்த்துவிட்டு, சுவரில் உப்பு பூத்திருந்தால் அதைச் சுரண்டிச் சரிசெய்துவிட்டு, அதே துளைகளில் திரும்ப மாட்டிவிடலாம்.